பார்த்ததற்கும் கூலி உண்டு

பாடிக்கும் கொரட்டூருக்கும் இடையே ஒரு கிளைத் தெருவில் இருக்கிறது அந்த ஷெட். தகரக் கூரை. நெருக்கி நிறுத்தினால் நான்கு கார் நிற்கும். ஓரத்தில் ஆள் இறங்கி நின்று வண்டியின் அடிப்பாகத்தைப் பார்க்க ஒரு குழி. சுவரில் ஆணியடித்து ரிங் ஸ்பானர்களை அளவு வாரியாக மாட்டியிருக்கிறார்கள். லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா ஆலைகள் இரண்டும் இந்தப் பாடியில்தான். நாடு முழுவதும் ஓடும் வண்டிகளுக்கு ஸ்டார்ட்டர் மோட்டாரும் பிரேக்கும் செய்து அனுப்புகிறவர்களும், அதே சாமான்களைக் கழற்றி மாட்டுகிறவர்களும் ஒரே டீக்கடையில் நின்று டீ குடிக்கிற வட்டாரம் இது.

கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் மெக்கானிக்கைப் பற்றி ஒரு புகார் வைத்திருப்பார்கள். தேவையில்லாததை மாற்றினான், டூப்ளிகேட்டைப் போட்டு ஒரிஜினல் விலை வாங்கினான், ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றைக் கெடுத்தான். இந்தப் புகார்களில் நிறைய உண்மை உண்டு. ஆனால் எல்லாமே வண்டிக்காரர் தரப்பிலிருந்து சொல்லப்படுபவை. ஸ்பானர் பிடிக்கிற கையின் பக்கம் நின்று ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஷெட்டை நடத்தும் அண்ணன் ஐம்பதைத் தாண்டியவர். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்து, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பல வருடம் இருந்துவிட்டுத் தனியாக வந்தவர். "ஸ்டூல் போட்டு உக்காருங்க சார். கஸ்டமர்கிட்ட நடுவுல எதுவும் பேசிடாதீங்க. அது போதும்" என்றார்.

முதலில் வந்தது பழைய வேகன் ஆர். 1061 சிசி இன்ஜின் வந்த காலத்து வண்டி. ஓட்டி வந்தவர் கடுப்போடுதான் இறங்கினார். வண்டி சூடாகிறது. ஏற்கெனவே இரண்டு இடத்தில் காட்டியாகிவிட்டது. ஓரிடத்தில் வாட்டர் பம்ப் மாற்றினார்கள், இன்னோர் இடத்தில் ரேடியேட்டரையே மாற்றினார்கள். இப்போதும் சூடாகிறது. மூன்றாவதாக ஒருவர், ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டை இறக்கினால்தான் தெரியும் என்று பயமுறுத்தி அனுப்பியிருக்கிறார்.

அண்ணன் பானெட்டைத் திறக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார். "எப்ப சார் சூடாகுது? சிக்னல்ல நிக்கும்போதா, பைபாஸ்ல போகும்போதா?"

வண்டிக்காரர் யோசித்துச் சொன்னார்: "சிக்னல்லதான். திருமங்கலம் தாண்டறதுக்குள்ள முள்ளு மேல ஏறிடும். பைபாஸ்ல ஒண்ணும் பண்றதில்ல. இன்னும் சொல்லப்போனா அங்க முள்ளு ரொம்பக் கீழயே நிக்குது."

அந்தப் பதிலில் பாதி நோய் தெரிந்துவிட்டது என்று பிறகு எனக்கு விளக்கினார். வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். நிற்கும்போது காற்றுக்கு ஃபேனை மட்டுமே நம்ப வேண்டும். பைபாஸில் சூடானால் தண்ணீர் ஓட்டத்தில் அடைப்பு, பம்பில் கோளாறு என்று தேடலாம். சிக்னலில் மட்டும் சூடானால் முதலில் ஃபேனைப் பார்க்க வேண்டும். பைபாஸில் முள் மிகவும் கீழே நிற்பது தனிச் செய்தி: உள்ளே தெர்மோஸ்டாட் இருக்காது.

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். துருப்பிடித்த செந்நிறத் தண்ணீர். கூலன்ட் என்று ஒன்று இந்த வண்டிக்குள் போய் வருடக்கணக்காகியிருக்கும். ஆயில் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் ஆயிலில் கலந்தால் அது பால் கலந்த டீ நிறத்துக்கு வந்துவிடும். இங்கே ஆயில் கறுப்பாகத்தான் இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு ரேடியேட்டர் வாயில் குமிழி வருகிறதா என்று சில நிமிடம் குனிந்தபடியே நின்றார். வரவில்லை. "ஹெட்டுக்கு ஒண்ணும் ஆகல சார், பயப்படாதீங்க" என்றபோது வண்டிக்காரர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

அடுத்து தெர்மோஸ்டாட் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே காலி. எப்போதோ, யாரோ எடுத்து எறிந்துவிட்டார்கள். நம் ஊரில் இது வெகுசாதாரணம். வெயில் ஊருக்கு வால்வு எதற்கு, தண்ணீர் தாராளமாகச் சுற்றட்டும் என்ற எண்ணம். அந்த எண்ணம் தவறு. எண்பது டிகிரிக்கு மேல் சூடேறிய பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விட வேண்டும் என்பதற்காக வைத்த வால்வு அது. அதை எடுத்துவிட்டால் இன்ஜின் தன் வேலைச் சூட்டுக்கு வரவே வெகுநேரமாகும். கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், ஆயில் சீக்கிரம் கெடும். வண்டிக்காரர் உடனே சொன்னார்: "ஆமாங்க, மைலேஜும் கொஞ்ச நாளா குடுக்கல."

ஃபேன் ஓடவில்லை. அதன் வயரைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் கொடுத்தார். உடனே ஓடியது. ஆக, மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. ஃப்யூஸும் சரி. ரிலேயைப் பிடுங்கிவிட்டு, அலமாரியில் இருந்த நல்ல ரிலே ஒன்றைச் செருகி, இன்ஜினைச் சூடேற விட்டுக் காத்திருந்தோம். முள் பாதிக்கு மேல் ஏறும்போது ஃபேன் தானாகக் கிளம்பியது. பழைய ரிலேயின் மூடியை நெம்பித் திறந்து காட்டினார். உள்ளே கான்டாக்ட் முனை கரிந்திருந்தது.

இதற்கெல்லாம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு ரிலே, ஒரு தெர்மோஸ்டாட், அதன் பேக்கிங், ரேடியேட்டர் மூடி, கூலன்ட். அவ்வளவுதான் தேவை. மூடி எதற்கு என்று நான் கேட்டேன். சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அந்த மூடியின் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கொதிநிலை 120 டிகிரி பக்கம் போகிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடி, சூட்டை அதிகமாக்காவிட்டாலும் கொதிப்பதைச் சீக்கிரமாக்கும். கூலன்ட்டுக்கும் இரண்டு வேலை: அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது, சேர்த்திருக்கும் ரசாயனங்கள் துருவைத் தடுக்கின்றன. சென்னை போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைத்துப் போகும்.

தெர்மோஸ்டாட் வாங்கக் கடைசிப் பையனை அனுப்பினார். பையன் என்றால் இருபத்திரண்டு வயது, அவனும் ஐ.டி.ஐ. முடித்தவன். வேறு சில சாமான்களும் வாங்க வேண்டியிருந்ததால் ஜி.பி. ரோடு வரை போகிறான் என்றதும் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, மவுன்ட் ரோட்டுக்கும் ராயப்பேட்டைக்கும் நடுவில், சென்னையில் புதிய கார் சாமான் வாங்குகிற எல்லோரும் வந்து நிற்கும் தெரு. கடைக்காரர் ஒரே தெர்மோஸ்டாட்டை மூன்று டப்பாவில் எடுத்து வைத்தார். முதலாவது கார் கம்பெனியின் சொந்த டப்பா, ஹாலோகிராம் ஒட்டி, எம்.ஆர்.பி. அச்சிட்டது. இரண்டாவது, கார் கம்பெனிக்குச் சாமான் செய்து தருகிற தொழிற்சாலை தன் சொந்தப் பெயரில் விற்பது. இதை ஓ.இ. என்கிறார்கள். பெரும்பாலும் அதே தரம், விலை குறைவு. மூன்றாவது லோக்கல். அதைப் பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவதை எடுத்தான். இந்த மூன்றைத் தவிர நான்காவதாகவும் ஒன்று சந்தையில் உண்டு: லோக்கல் சாமான் கம்பெனி டப்பாவுக்குள் இருப்பது. வாடிக்கையாளர்கள் பயப்பட வேண்டியது அதற்குத்தான். அதனால்தான் டப்பாவை மட்டும் பார்க்காமல், சாமான் மேலேயே அச்சான பார்ட் நம்பரையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

பில் போடும்போது ஒன்றைக் கவனித்தேன். எம்.ஆர்.பி.யிலிருந்து கணிசமாகக் கழித்துத்தான் கடைக்காரர் பையனிடம் வாங்கினார். ஷெட்டில் வாடிக்கையாளரிடம் எம்.ஆர்.பி.யே கேட்கப்படும். நடுவில் நிற்கும் அந்தத் தொகைதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி என்று பையன் ஒளிக்காமல் சொன்னான். "கூலி கேட்டா சண்டை வரும் சார். சாமான் விலை டப்பாலயே இருக்கு, அதுக்கு யாரும் சண்டை போட மாட்டாங்க."

இதைத் திருட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எந்தக் கடையிலும் வாங்கிய விலைக்கே விற்க மாட்டார்கள். ஆனால் இது ஆபத்தான ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சம்பாத்தியம் சாமானில் இருந்தால், அதிகம் மாற்றுகிறவன் அதிகம் சம்பாதிப்பான். ஒன்றரை மணி நேரம் குனிந்து நின்று, ஒரு ரிலேதான் கோளாறு என்று கண்டுபிடிக்கிறவனுக்கு அந்தக் கணக்கில் நஷ்டம். கண்டுபிடிக்காமல் ரேடியேட்டரை மாற்றியவனுக்கு லாபம். கோளாறைக் கண்டுபிடிப்பதற்குக் கூலி தர மாட்டோம் என்று நாம் அடம்பிடிக்கப் பிடிக்க, கண்டுபிடிக்காத மெக்கானிக்குகளைத்தான் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

திரும்பும் வழியில் புதுப்பேட்டை. இன்னொரு வண்டிக்கு வலது பக்க டெயில் லேம்ப் வேண்டும், புதிது விலை கட்டுப்படியாகவில்லை. கூவத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் நடைபாதை முழுக்க எண்ணெய் ஊறிக் கறுத்துக் கிடக்கிறது. ஒரு கடையில் கதவுகள் மட்டும், செங்குத்தாக, பீரோவுக்குப் பின்னால் பீரோ வைத்த நெருக்கத்தில். அடுத்ததில் கியர் பாக்ஸ். அதற்கடுத்து ஸ்டியரிங், டாஷ்போர்டு, மீட்டர். எந்த வருடத்து எந்த மாடலுக்கு எது பொருந்தும் என்பது கடைக்காரர்களுக்கு மனப்பாடம். பையன் கேட்டதும் ஒரு பாய் உள்ளே போய் இரண்டே நிமிடத்தில் லேம்ப்போடு வந்தார். பையன் அதை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஓரத்தில் விரிசல் இருக்கிறதா, ஹோல்டர் உருகியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேசினான்.

கண்ணாடி, கதவு, லேம்ப், பம்பர் இவற்றைப் பழையதாக வாங்குவதில் தவறே இல்லை. பிரேக், ஸ்டியரிங் ராட், சீட் பெல்ட், ஏர்பேக் ஆகியவற்றை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. விபத்தான வண்டியிலிருந்து வந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத சாமான்கள் அவை. அந்தப் பக்கம் பையன் போகவே இல்லை. 2021-இல் மத்திய அரசு வண்டி உடைப்பதற்குப் பதிவு பெற்ற மையங்கள் வேண்டும் என்று விதி கொண்டுவந்துவிட்டது. தலைமுறையாகக் கையால் பிரித்தெடுக்கும் இந்தத் தெருவின் அறிவு அந்த மையங்களுக்குள் போய்ச் சேருமா என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

ஷெட்டுக்குத் திரும்பியபோது இன்னொரு கார் நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் விளக்கு எரிகிறது. வண்டிக்கார இளைஞர் வேறெங்கோ ஸ்கேன் செய்த தாளோடு வந்திருந்தார். பி0171 என்ற கோடு. "ஆக்ஸிஜன் சென்சார் மாத்தணும்னு போட்டிருக்கு அண்ணா, சென்சார் எவ்ளோ ஆகும்?" என்றார். அந்தக் கோடு சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று சென்சார் பார்த்துச் சொல்கிறது, அவ்வளவே. அண்ணன் இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு ரப்பர் ஹோஸ் பக்கமும் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தார். ஓரிடத்தில் அடித்ததும் இன்ஜின் சத்தம் மாறியது. வளைவில் வெடித்த ஒரு வேக்யூம் ஹோஸ். ஒரு சாண் நீளம்.

இந்த மாதிரி வெளி ஷெட்டுகளிடம் இருப்பது பொதுவான ஸ்கேனர். கார் கம்பெனிகளின் சொந்தக் கருவி அவர்கள் கைக்கு எளிதில் வராது. இது பழைய வழக்கு. தனி மெக்கானிக்குகளுக்குச் சாமானும் கருவியும் தகவலும் கிடைக்காமல் செய்கிறார்கள் என்று சொல்லி 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. அதன்பின் மேல்முறையீடுகள் தொடர்ந்தன. தகரக் கூரையின் கீழே ஒரு கிளீனர் டப்பாவும் காதும் வைத்துக்கொண்டு கோளாறு தேடுகிற மனிதனைப் பார்த்த பிறகு, அந்தத் தீர்ப்பு எதைப் பற்றியது என்று எனக்கு முழுதாக விளங்கியது.

ஷெட்டின் மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஒரு செடான். மழைநாளில் தேங்கிய தண்ணீரில் ஓட்டி, நடுவில் நின்றுபோய், மறுபடி சாவியைத் திருப்பிய வண்டி. தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. சிலிண்டருக்குள் போய்விட்டால், மேலே வருகிற பிஸ்டன் அதில் மோதி கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இதற்கு இன்ஜின் புரொடெக்‌ஷன் என்று தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும். சாதாரண இன்ஷூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பணம் வராது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இப்படி வந்த வண்டிகளை அண்ணன் இன்னும் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் வரிசையாகக் காரை ஏற்றி நிறுத்தியதைப் பலர் கிண்டல் செய்தார்கள். அவர் கிண்டல் செய்யவில்லை. "புத்திசாலிங்க சார் அவங்க. தண்ணில நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ணாம டோ பண்ணிக் கொண்டாந்தா பாதி வண்டிய நான் காப்பாத்திக் குடுத்துருவேன்."

மதியத்துக்கு மேல் ஓர் ஆசிரியை வந்தார். பிரேக் பிடித்தால் கிறீச்சென்று சத்தம். அவர் பேசிய விதத்தை நான் கூர்ந்து கேட்டேன். "அண்ணா, முதல்ல கழட்டிப் பாருங்க. பாக்கறதுக்கு எவ்ளோன்னு சொல்லுங்க. பாத்துட்டு என்ன மாத்தணுமோ எழுதிக் குடுங்க, அப்புறம் பண்ணலாம்." சக்கரம் கழன்றதும் அவரையே அழைத்துக் காட்டினார் அண்ணன். பிரேக் பேடில் பொருள் தேய்ந்து, எச்சரிக்கைக்காக வைத்த தகட்டு நாக்கு டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் கோடு விழவில்லை, அதனால் பேட் மட்டும் போதும். பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்டார். வாங்கியதிலிருந்து இல்லை என்று பதில் வந்தது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். மலைப்பாதையில் தொடர்ந்து மிதிக்கும்போது கொதித்தால் பெடல் தரையோடு போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதற்காகத்தான். அவர் மாற்றச் சொன்னார். வேலை முடிந்ததும், "பழைய பேடையும் புது டப்பாவையும் டிக்கில வச்சிருங்கண்ணா" என்றார். சொன்ன கூலியை அப்படியே கொடுத்தார்.

யார் மேலும் சந்தேகப்படாமல், அதே சமயம் யாரும் ஏமாற்ற இடம் கொடுக்காமல் ஒரு மனிதர் மெக்கானிக்கிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ, அப்படி நடந்துகொண்டார் அவர். பார்ப்பதற்குத் தனிக் கூலி, முன்கூட்டியே எழுத்தில் விவரம், பழைய சாமான் திரும்பக் கைக்கு. இந்த மூன்றும் இருக்கிற இடத்தில் மெக்கானிக்குக்குப் பொய் சொல்லத் தேவையே வராது.

மாலையில் வேகன் ஆர்காரர் திரும்பி வந்தார். நோட்டுத் தாளில் பில். சாமான்கள் வரிசையாக, கீழே கூலி ஆயிரத்து இருநூறு. அவர் கண் நேராக அங்கேதான் போனது.

"ஒரு ரிலே செருகறதுக்கு ஆயிரத்து இருநூறா?"

அண்ணன் பதில் சொல்லாமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். தலையிடக் கூடாது என்று காலையில் கொடுத்த வாக்கை அந்த ஓரிடத்தில் நான் மீறினேன். "சார், வாட்டர் பம்புக்கும் ரேடியேட்டருக்கும் சேர்த்து இதுவரைக்கும் எவ்வளவு கொடுத்தீங்க?" என்று கேட்டேன். ஒன்பதாயிரத்துக்குப் பக்கம் என்றார். அதில் கூலி எவ்வளவு என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. கூலி குறைவாகத்தான் போட்டார்கள் என்று மட்டும் சொன்னார். சொல்லும்போதே நிறுத்தி, பில்லை மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழே படித்தார்.

ஆயிரம் கொடுத்தார். இருநூறைக் குறைத்துக்கொண்டது அண்ணனுக்கு வழக்கமானதாக இருந்திருக்கும், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கரிந்த ரிலேயையும் பழைய மூடியையும் ஒரு கவரில் போட்டு சீட்டில் வைத்தார். ஜன்னல் பக்கம் குனிந்து, "ரெண்டு நாள் கழிச்சு, காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி அந்த வெள்ளை டப்பால கூலன்ட் அளவு பாருங்க சார். ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும். குறைஞ்சிருந்தா பைப்புத் தண்ணிய ஊத்திடாதீங்க, எனக்கு ஒரு போன் பண்ணுங்க. அதுக்குக் காசு வேணாம்" என்றார்.